லவோண்டா ஜட்ஜுக்கு நின்ற வருஷம்

என் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் அப்பா சுரங்கத்தில் செய்த வேலைநிறுத்தமே ஒன்பது மாதத்தில் முடிந்தது. இதுகள் இறங்கி வருவதாக இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் நாற்பது நிமிஷம் வண்டியில் போய், நாலு மணி நேரம் ஒரு நாற்காலியில் கிடந்து, ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறேன். பீன்ஸ் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது என்றார் டாக்டர். கென்டக்கி மலையில் பிறந்தவனிடம் இதைச் சொல்வதற்கு மூச்சே விடாதே என்று சொல்லியிருக்கலாம்.

அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது, என் வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓடுகிற சனியன் பிடித்த ஓடை.

ப்ரூயிட் பள்ளம் என்று எங்கள் குடும்பப் பெயரில்தான் இடம். இரண்டு மலைக்கு நடுவே பதினான்கு வீடு. வெளியே போக ஒரே வழி, ஓடை மேலிருந்த பாலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் அதைப் பெயர்த்துக்கொண்டு போனது. கவுண்டியிலிருந்து, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகத்திலிருந்து, நாலு லாரி கல்லைக் கொண்டுவந்து ஓடைக்குள் கொட்டி, இது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாதாரண நாளில் அந்தக் கல் மேலேயே வண்டியை இறக்கி ஏற்றிவிடலாம். மழை பெய்தால் கதை முடிந்தது.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையும் ஓடையைத் தாண்ட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மீட்புப் படகு வந்து என்னை மூட்டை கட்டித் தூக்கிப் போனபோது இதயம் நின்று நின்று அடித்ததாம். டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்.

"மிஸ்டர் ப்ரூயிட், ஒரு நாள் விட்டா சமாளிச்சுக்கலாம். ரெண்டு நாள் சேர்த்து விட்டீங்கன்னா அடுத்த தடவை எங்கிட்ட வர மாட்டீங்க, நேரா போதகர்கிட்டதான் போவீங்க."

லவோண்டா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். என் பெண்டாட்டி சட்டென்று அழுகிற ரகம் இல்லை. பள்ளிக்கூட பஸ்ஸை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் கடைசி சீட்டுப் பையன்கள் காலை மடக்கி உட்காருவார்கள்.

பாலம் போடுவது கவுண்டி ஜட்ஜ் கையில் இருக்கிறது. எங்கள் ஜட்ஜ் பேருக்குத்தான் ஜட்ஜ், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற கவுண்டித் தலைவர், யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. எந்தச் சாலைக்குச் சரளை, எந்த ஓடைக்குப் பாலம், எவன் மச்சானுக்கு வேலை, இவைதான் அவர் சொல்லும் தீர்ப்பு. மூன்று தடவையாக அந்த நாற்காலியில் இருப்பவன் பர்டெட் கில்கோர். என்னோடு ஏழாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் கணக்கைப் பார்த்து எழுதிப் பாஸானவன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த மாதம் கவுண்டிக் கூட்டத்துக்கு லவோண்டா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அத்தனை பேர் நடுவே எழுந்து நின்றாள்.

"பர்டெட், எங்க பாலம் எப்ப வரும்?"

"பட்டியல்ல இருக்கும்மா, லவோண்டா."

"பட்டியல்ல எத்தனாவது?"

"அதெல்லாம் இஞ்சினீயர் வந்து பார்த்துதான் சொல்லணும்."

"உங்க இஞ்சினீயர் வர்றதுக்குள்ள என் புருஷன் செத்துடுவான். இதோ உட்கார்ந்திருக்கான் பாரு, நல்லாப் பார்த்துக்கோ."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் என் பூட்ஸைப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலே எனக்கு உடம்பு கூசும். எங்கள் அப்பாவும் அப்படித்தான். கால் ஒடிந்த அன்றைக்குக்கூட ஒருத்தனிடமும் கை கொடு என்று கேட்காமல் சுரங்கத்திலிருந்து தவழ்ந்து வந்தார்.

"பதினாலு வீட்டுக்கு அத்தனை பணம் கொட்டிப் பாலம் போட்டா மத்த ஜனங்க என்னைச் சும்மா விடுவாங்களா? நீயே சொல்லு," என்றான் பர்டெட், சிரித்த முகமாக.

திரும்பி வரும் வழியில் லவோண்டா ஓடைக் கரையில் வண்டியை நிறுத்தினாள்.

"அந்த நாற்காலியில நான் உட்காரப் போறேன், டெல்மஸ்."

"எந்த நாற்காலியில?"

"பர்டெட்டோடதுல. வேற எதுல உட்காருவாங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் கிறுக்குத்தனமில்லை. கவுண்டியில் எந்தப் பள்ளத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைகளெல்லாம் இன்றைக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

எங்கள் கவுண்டியில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. மே மாதம் ரிபப்ளிகன் கட்சி தனக்குள் நடத்துகிற ஓட்டெடுப்பில் ஜெயிக்கிறவர்தான் ஜட்ஜ். அதில் அந்தக் கட்சியில் பேர் பதிந்தவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். யானைச் சின்னக் கட்சி. எதிரே கழுதைச் சின்ன டெமாக்ரட் கட்சியில் நிற்க ஆளே கிடையாது. ஆனால் எங்கள் பள்ளத்தில் அத்தனை பேரும் வாக்காளர் பதிவேட்டில் கழுதைக் கட்சி. தாத்தாக்கள் சுரங்கத் தொழிற்சங்கத்தில் இருந்த காலத்தில் பதிந்தது. நவம்பரில் நாங்கள் முப்பது வருஷமாக யானைக்குத்தான் குத்துகிறோம். அதற்காகப் பதிவை மாற்றுவோமா? மாட்டோம். அது அப்பன் வைத்த பேரை மாற்றுகிற மாதிரி.

நவம்பர் கடைசியில் லவோண்டா தன் பதிவை மாற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் பதிவை மாற்றுகிற அட்டைகள் ஒரு கட்டை என் மடியில் போட்டாள்.

"நாற்பது இருக்கு. உன்னோடதும் சேர்த்து. வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கி, நீ டயாலிசிஸ் போற வழியில கவுண்டி ஆபீஸ்ல குடுத்துடு. டிசம்பர் முப்பத்தொண்ணு கடைசி. அதுக்கு மேல ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. மாத்தலைன்னா மே மாசம் என் பேரு இருக்கிற சீட்டு நம்மாளுங்க கையில வராது. புரியுதா?"

"புரியுது, புரியுது."

"நான் அந்தக் கரையைப் பார்த்துக்கறேன். இந்தக் கரை உன் பொறுப்பு."

முதலில் ஹோபர்ட் மாமா வீட்டுக்குப் போனேன். எண்பத்தொரு வயசு. எங்கள் அப்பாவோடு மறியலில் நின்று கம்பெனி ஆட்களிடம் அடி வாங்கியவர். அவர் சரி என்றால் பள்ளமே சரி என்னும். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினோம், மாட்டைப் பற்றிப் பேசினோம், அவர் முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். எழுந்திருக்கும்போது அட்டையை நீட்டினேன்.

"என்னடா இது?"

"லவோண்டா குடுக்கச் சொன்னா, மாமா. கட்சி மாத்தறதுக்கு."

அவர் அட்டையைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார்.

"உங்கப்பன் இந்தக் கட்சிக்காக முன்பல்லு நாலையும் உதிர்த்துட்டு வந்தான். அவன் மகன் எங்கிட்ட இதைத் தூக்கிட்டு வர்றான். வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. மாமா, பாலம் வராவிட்டால் நான் செத்துப்போவேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மற்ற பன்னிரண்டு வீட்டுப் படியையும் நான் மிதிக்கவில்லை. அட்டைக் கட்டை அப்படியே வண்டி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். என் அட்டையில் நானே கையெழுத்துப் போடவில்லை. அப்பா முகம் நினைவுக்கு வந்தது, பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஓட்டுச்சாவடியில் உட்காருவது யார்? ஓமா அத்தை மகளும் தபால்காரர் பெண்டாட்டியும். எல்லாம் தெரிந்த முகம். "அந்தச் சீட்டைக் குடும்மா" என்றால் கொடுக்கப்போகிறார்கள். லவோண்டா எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறாள்.

ஜனவரி இரண்டாம் தேதி கேட்டாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சு."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அவள் என் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸை எடுக்கப் போனாள்.

மார்ச்சில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. டயாலிசிஸில் என் பக்கத்து நாற்காலி எஸ்டலீன் டீச்சருக்கு. முப்பது வருஷம் ஓட்டுச்சாவடி அதிகாரியாக இருந்தவர். சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"டீச்சர், மே மாசம் ஒருத்தர் வேற கட்சிச் சீட்டு கேட்டா குடுத்துடுவாங்கதானே? தெரிஞ்ச ஆளுன்னா?"

"என்னப்பா பேசுற? பேரை அடிச்சா மெஷின்ல கட்சி வந்துடும், அந்தச் சீட்டுதான். என் சொந்தத் தம்பி கேட்டான், போடா வெளியேன்னு அனுப்பினேன். வருஷம் முடிஞ்சா முடிஞ்சதுதான்." இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "ஏன் கேக்குற?"

"சும்மா."

நாலு மணி நேரம் எழுந்திருக்கவும் முடியாமல், ஊசி குத்திய கையை அசைக்கவும் முடியாமல் அந்த நாற்காலியில் கிடந்தேன். நர்ஸ் ட்ரீனா வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "யாரு உங்களைத் திட்டினாங்க?" என்று கேட்டாள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்கிறேன், சாப்பிட்டு முடித்ததும் சொல்கிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். லவோண்டா குளிர்பெட்டி மேல் ஒட்டியிருந்த தாளில் எண்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். "டவுன்ல அவனுக்கு ஓட்டு ஜாஸ்தி. பீச் கேப் ஊர்ல எனக்கு ஜாஸ்தி. மேல் பள்ளங்கள்ல சரிசமம். அப்படியே போனா அவனைவிடப் பத்துப் பதினஞ்சு பின்னாடி நிப்பேன். ஆனா நம்ம பள்ளம் நாற்பத்தொண்ணும் எனக்கு. அதுலதான் ஜெயிக்கப் போறேன், டெல்மஸ்." திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சோள ரொட்டியைத் தட்டோடு நகர்த்தி வைத்தேன்.

ஏப்ரலில் சரளை லாரிகள் கிளம்பின. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் பர்டெட்டுக்கு வேண்டியவர்கள் வீட்டு வாசல்களில் ராத்திரியோடு ராத்திரியாகச் சரளை முளைக்கும். அதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை, வசந்தம் வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். லவோண்டாவிடம் சரளை ஏது? சாவு வீடு ஒன்று விடாமல் போனாள். பஸ் வேலை முடிந்ததும் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு படிப்படியாக ஏறி இறங்கினாள். பதினோரு கிலோ இளைத்தாள். ராத்திரியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். எனக்காக. எனக்காக என்று நினைக்கும்போதெல்லாம் எங்கேயாவது போய் விழுந்து செத்துவிடலாம் போலிருக்கும்.

மே முதல் வாரம், டயாலிசிஸ் முடிந்து வரும்போது, பர்டெட்டின் ஆபீஸ் முன்னால் வண்டியை நிறுத்தினேன். பேரம் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை.

"வாடா டெல்மஸ்! கணக்கு சொல்லித் தர வந்தியா?" என்றான் அவன்.

"பர்டெட், லவோண்டாவை வாபஸ் வாங்க வைக்கறேன். ஜட்ஜாவே இருந்துக்கோ. பாலத்தை மட்டும் போட்டுக் குடு."

அவன் மேஜை இழுப்பறையைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினான். எங்கள் பள்ளத்து வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு பேருக்கும் எதிரே கட்சி. ஒரே ஒரு பேரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான்.

"உங்க பள்ளத்துல அவளுக்கு ஒரு ஓட்டு. அவளோடது. ஜனவரியிலேயே வாங்கிட்டேன் இந்தப் பட்டியலை. ஏற்கெனவே என் பையில இருக்கிறதை நான் எதுக்குடா பாலம் குடுத்து வாங்கணும்?"

தாளை மடித்து அவன் பக்கமே தள்ளினேன்.

"அவளுக்குத் தெரியாது, இல்ல?" குரலைத் தாழ்த்தினான். கிண்டல் போய்விட்டிருந்தது, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இப்ப நீ போய்ச் சொன்னா அவ வேற நாற்பது பேரைத் தேடிப் பிடிச்சிடுவா. பிடிக்கிற பொம்பளைதான் அவ. ஆனா நீ சொல்ல மாட்டே. ஏழாம் வகுப்புல நான் உன் நோட்டைப் பார்த்து எழுதினேன், உன்னை முட்டிபோட வச்சாங்க. அப்பவும் நீ வாயைத் திறக்கல."

அவன் சொன்னது சரி. நான் சொல்லவில்லை.

சொல்லாதவன் வேறு ஒன்று செய்தேன். தேர்தல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின திங்கள் டயாலிசிஸ் போகிறேன் என்று கிளம்பி, அங்கே போகாமல் பீச் கேப்புக்கு வண்டியை விட்டேன். என்னோடு சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அங்கே நிறைய. நாற்பது ஓட்டை நானே பிடித்துவிட்டால் உண்மையைச் சொல்லவே வேண்டாமே. ஒரு நாள் விட்டால் சமாளிக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஏழு வீட்டில் ஏறினேன். ஏழு வீட்டிலும் காபி கொடுத்தார்கள். நான் தண்ணீரே அளந்து குடிக்க வேண்டியவன், மறுக்க வெட்கப்பட்டு அத்தனையும் குடித்தேன். வான்கோழி வேட்டை பற்றிப் பேசினோம், செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினோம். என் பெண்டாட்டிக்கு ஓட்டுப் போடு என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. கிளம்பும்போது லவோண்டாவின் படம் போட்ட அட்டையை மேஜையில் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். கடைசி வீட்டுக்காரன் பின்னாலேயே ஓடிவந்து, "டெல்மஸ், இதை மறந்து வச்சுட்டுப் போறே பாரு," என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வானம் மூடியிருந்தது. எங்கள் ஓட்டுச்சாவடி தார்ச்சாலையோரத் தீயணைப்பு நிலையம். சட்டப்படி விட வேண்டிய தூரத்தைவிட ஒரு அடி தள்ளியே லவோண்டா மடக்கு மேஜை போட்டு, கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். என் உதடு லேசாக மரத்திருந்தது, கால் கனத்தது. அது டயாலிசிஸ் விட்டதன் முதல் அறிகுறி என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளத்திலிருந்து முதல் ஆளாக ஹோபர்ட் மாமா வந்தார். கறுப்புக் கோட்டு, கழுவின பூட்ஸ். "உன்னை ஜட்ஜாக்கிட்டுத்தான் மத்த வேலை," என்று லவோண்டாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மூன்று நிமிஷம் இருக்கும். சிவந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, சீட்டுல உன் பேரையே காணோமே! யாரு எடுத்தது? பர்டெட்டா?"

"இருக்குமே மாமா. சரியாப் பார்த்தீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஏதோ செனட்டருக்கு நிக்கிற ஆளுங்க பேரு ரெண்டு இருக்கு. ஜட்ஜுன்னு ஒரு வரியே இல்ல. நீங்க டெமாக்ரட், உங்களுக்கு இதுதான்னு சொல்றா அந்தப் பொண்ணு."

"நீங்கதான் கார்டுல கையெழுத்துப் போட்டு..." லவோண்டா பாதியில் நிறுத்தினாள். கேக் கத்தி கையிலேயே இருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பஸ் கண்ணாடியில் பார்க்கிற பார்வையை நான் எதிர்பார்த்தேன். அப்படியிருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருப்பதைப் பார்த்த சின்னப் பெண் மாதிரி பார்த்தாள்.

"எத்தனை கார்டு குடுத்தே, டெல்மஸ்?"

"ஒண்ணும் குடுக்கல."

"உன்னோடது?"

"அதுவும் இல்ல."

ஹோபர்ட் மாமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கிழவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அன்னிக்கு எங்கிட்ட வந்து என்ன சொன்னே? லவோண்டா கட்சி மாத்தச் சொன்னான்னு சொன்னே. உன் உசுருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா? சொன்னியா?"

"இல்ல, மாமா."

"சொல்லியிருந்தா கட்சியாவது மண்ணாவது! முப்பத்தொம்பது பேர்கிட்டயும் நானே போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்திருப்பேனே. பாவி! இப்ப என் கையால உன்னைக் குழியில தள்ளின மாதிரி ஆக்கிட்டியே!"

சட்டையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகும் எங்கள் பள்ளத்து ஜனங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், உள்ளே போனார்கள், திகைத்துப்போய் வெளியே வந்தார்கள். லவோண்டா ஒவ்வொருவரிடமும், "பரவாயில்ல, வந்தீங்களே, கேக் எடுத்துக்குங்க," என்றாள். மாலை ஆறு மணிவரை நின்றாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபத்தாறு ஓட்டில் தோற்றாள்.

ராத்திரி முழுக்கக் கூரையில் மழை கொட்டிற்று. விடியற்காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. லவோண்டா எடுத்தாள். ட்ரீனாவின் குரல் எனக்குக் கட்டிலிலேயே கேட்டது.

"லவோண்டா அக்கா, திங்கட்கிழமை டெல்மஸ் வரல. இன்னிக்கு எப்பாடுபட்டாவது கூட்டிட்டு வந்துடுங்க. விடவே கூடாது."

லவோண்டா தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை எங்க போனே?"

"பீச் கேப். ஓட்டுக் கேக்க."

"கேட்டியா?"

"இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. சத்தம் போட்டு, வாயைப் பொத்தாமல், அடி வாங்கியவள் மாதிரி அழுதாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், கால் துவண்டு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு தவறியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பூட்ஸை எடுத்து என் காலில் மாட்டினாள்.

ஓடைக் கரைக்குப் போனோம். கல்லும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. மரங்கள் வேரோடு போய்க்கொண்டிருந்தன. மீட்புப் படகுக்குப் போன் செய்தாள். டவுனில் வீடுகளுக்குள் தண்ணீர், படகு வர மத்தியானம் ஆகும் என்றார்கள். மத்தியானம்வரை என் இதயம் தாங்குமா என்று அவர்களிடம் கேட்டாள்.

அவள் வண்டியை ஹோபர்ட் மாமா வீட்டுப் பக்கம் திருப்பி, வாசல் வேலியோரம் நிறுத்தினாள். மரம் இழுக்கிற அவருடைய பழைய இயந்திரம் கொட்டகையில் நின்றது, ஆள் உயரச் சக்கரம். போன வருஷம் பிப்ரவரியில் அதன் எஞ்சின் பிரித்துக் கிடந்தது, இப்போது ஓடுகிறது. இந்தத் தண்ணீரில் ஏதாவது ஒன்று இறங்க முடியும் என்றால் அது ஒன்றுதான்.

"போ," என்றாள்.

"நீயும் வா. நீ கேட்டா அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. நேத்து அவர் எங்கிட்ட..."

"நான் கேக்க மாட்டேன்." குரல் உடைந்திருந்தது. "ஒரு வருஷத்துக்கு மேலா உனக்காக ஊர் பூரா கேட்டுட்டேன். கூட்டத்துல கேட்டேன், சாவு வீட்டுல கேட்டேன், நாய் கடிச்ச வீட்டுலகூடக் கேட்டேன். உனக்கு உசுரு வேணுமா வேணாமான்னு எனக்கே தெரியல, டெல்மஸ். வேணும்னா நீ போய்க் கேளு. வேணாம்னா சொல்லிடு, வீட்டுக்குப் போயிடலாம். உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

வேலிக்கும் படிக்கும் நடுவே இருபது அடி இருக்கும். இரண்டு தடவை உட்கார்ந்தேன். சேறு முழங்கால்வரை ஏறியது. நான் தட்டுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. ஹோபர்ட் மாமா பனியனோடு நின்றார், முகத்தில் நேற்றைய கோபம் அப்படியே இருந்தது. நான் பேசட்டும் என்று காத்திருந்தார்.

மழையைப் பற்றித்தான் முதலில் வாயில் வந்தது. அதை விழுங்கினேன்.

"மாமா, எனக்குச் சாகப் பயமா இருக்கு." அவ்வளவு சத்தமாக நான் பேசி எனக்கே நினைவில்லை. "நான் பண்ணினதுக்கு உங்ககிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா கேக்கறேன். என்னை அந்தக் கரையில விட்டுடுங்க. எனக்கு உசுரோட இருக்கணும், மாமா. கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் என் தலைக்கு மேலாக ஓடையைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியைப் பார்த்தா எனக்கும் பயமாத்தாண்டா இருக்கு," என்றார். "பூட்ஸ் மாட்டிக்கிட்டு வர்றேன். நீ போய் ஏறி உட்காரு."